சிறு நாய்க்கு குரோஷே ஸ்வெட்டர்: 3 கிலோ சிவாவா, மார்பு 36 செ.மீ. – நூல், அளவு, கால் திறப்பு

வாலாட்டி
வணக்கம். குட்டை முடி உள்ள ஆண் சிவாவாவுக்கு குரோஷேயில் ஒரு ஸ்வெட்டர் போடணும். எடை 3 கிலோ. கழுத்து 24 செ.மீ., மார்பு 36 செ.மீ., கழுத்துப்பட்டை உட்காரும் இடத்திலிருந்து வாலடி வரை 26 செ.மீ. பை, மேசை விரிப்பு எல்லாம் போட்ட பழக்கம் உண்டு, உடுப்பு இதுதான் முதல். இணையத்தில் கிடைக்கிற பேட்டர்ன் எல்லாம் குளிர் நாட்டுக் கம்பளி நூலுக்கு எழுதினதா இருக்கு, அளவும் எஸ், எம் என்று மட்டும் போட்டிருக்கு. சிங்கப்பூரில் டிசம்பர் மழைக்கும் ராத்திரி ஏர்கானுக்கும் ஏத்த மாதிரி என்ன நூல், எத்தனை கண்டு வாங்கணும்? முன்னங்கால் திறப்பை எந்த இடத்தில் விடணும்? தெரிஞ்சவங்க விளக்கமா சொல்லுங்க.

மழைநாள்
பின்னுவதற்கு முன்னால் ஒன்று. இங்கே பகலில் 31, 32 டிகிரி, காற்றில் ஈரம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். நாய் நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும், பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். ஈரக் காற்றில் மூச்சிரைப்பும் சரியாக வேலை செய்யாது. அதனால் இந்த ஊரில் ஸ்வெட்டர் என்பது சில மணி நேரத்துக்கான உடுப்பு. 25 டிகிரிக்குக் கீழே வைத்த ஏர்கான் அறை, பருவமழை இழுத்துப் பிடித்து 22, 23-க்கு இறங்கும் நாட்கள், முடி வெட்டிய மறுநாள், வயதான நாய் – இவ்வளவுதான் தேவை.

பொமரேனியன், ஜாப்பனீஸ் ஸ்பிட்ஸ் மாதிரி உள்முடி அடர்ந்த இனங்களுக்குப் போடவே வேண்டாம். பக், ஷிட்சு மாதிரி மூக்கு தட்டையான நாய்களுக்கு ஏர்கான் அறைக்குள் மட்டும், அதுவும் பக்கத்தில் ஆள் இருக்கும்போது. சிவாவா, மினியேச்சர் பின்ஷர் போன்ற மெல்லிய தோல், குட்டை முடிக்காரர்களுக்கு உண்மையிலேயே குளிரும். அதனால் நீங்கள் கேட்டது நியாயமான தேவைதான்.

தேக்கா_நூல்கண்டு
நூல் பற்றி நான் சொல்றேன். உங்களுக்கு வேண்டியது பருத்தி, இல்லேன்னா பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்த நூல். கனம் டிகே, அதாவது மெலிசுக்கும் நடுத்தரத்துக்கும் இடைப்பட்டது. ஆஸ்திரேலியப் பேட்டர்ன்ல இதையே 8 பிளை என்பாங்க. 50 கிராம் கண்டில் 110-லிருந்து 125 மீட்டர் வரை இருக்கணும். இந்த அளவு நாய்க்கு ரெண்டு கண்டு தாராளம், கொஞ்சம் மிஞ்சும். ரெண்டையும் ஒரே சாயத் தொகுதி எண்ணில் வாங்கிடுங்க. தொகுதி மாறினால் முதுகில் கோடு போட்ட மாதிரி தெரியும்.

இங்கே இணையக் கடையில் மலிவா கிடைக்கிற மில்க் காட்டன்ல "5 பிளை" என்று போட்டிருப்பான். அந்த எண் எத்தனை இழை முறுக்கியிருக்கு என்கிறதைச் சொல்லுது. ஆஸ்திரேலிய 5 பிளையோட அதைச் சேர்த்துப் பார்க்காதீங்க, ரெண்டும் வேற வேற கனம். லேபிளில் ஊசி (குரோஷே கொக்கி) அளவு என்ன போட்டிருக்கு, 50 கிராமுக்கு எத்தனை மீட்டர் என்கிற ரெண்டை மட்டும் பாருங்க. 4 மி.மீ. என்று இருந்தா உங்களுக்குச் சரி.

தொட்டுப் பார்த்து வாங்கணும்னா சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் சென்டர் போங்க, இல்லேன்னா பிளாசா சிங்கப்பூராவில் ஸ்பாட்லைட். கண்டை கழுத்துக்குப் பின்னாடி ஒரு நிமிஷம் வச்சுப் பாருங்க. அங்கே உறுத்தினா நாயோட அக்குளிலும் உறுத்தும்.

வாலாட்டி
ரொம்ப நன்றி. ஊரிலிருந்து வந்த வர்த்மான் அக்ரிலிக் நூல் வீட்டில் நாலு கண்டு கிடக்கு. அதையே பயன்படுத்தலாமா?

தேக்கா_நூல்கண்டு
மாதிரித் துண்டு போட்டுப் பழக அது ரொம்ப நல்லது. உடுப்புக்கு வேண்டாம் என்பேன். அக்ரிலிக் ஈரத்தை உறிஞ்சாது, சூட்டையும் வெளியே விடாது. மழையில் நனைஞ்ச நாய்க்கு அதைப் போட்டா அடியில் தோல் ஈரமாவே இருக்கும், அக்குளிலும் தொப்புள் பக்கமும் புண் வரும். முடி உரசி சடை விழும்.

வெள்ளைப்பஞ்சு
அக்ரிலிக்கை இப்படி ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். பருத்திக்கும் ஒரு பெரிய குறை உண்டு: அதற்குத் திரும்பிச் சுருங்கும் குணம் இல்லை. நாலு தடவை தலை வழியாக இழுத்துப் போட்டதும் கழுத்து ரிப் (இழுபடும் கோடு கோடான பட்டை) தளர்ந்து தொங்கும். நனைந்தால் தன் எடையிலேயே நீளும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் உள்ள சொந்தக்காரர் வீட்டு நாய்க்கு அனுப்புவதென்றால் அக்ரிலிக்தான் வசதி. லேசு, வாஷிங் மெஷினில் போடலாம், சீக்கிரம் காயும். எங்கே யார் போடப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. சிங்கப்பூருக்கு என்றால் பாதிக்குப் பாதி கலவை நூல் என் தேர்வு. சுத்தப் பருத்தியைவிட எடை குறைவு, ரிப்பும் நிற்கும்.

மூங்கில் நூலை மட்டும் தவிர்த்துவிடுங்கள். தொட்டால் பட்டுப்போல இருக்கும், ஆனால் நீளும் நீளும், நின்றபாடில்லை.

கொக்கி_நாலு
கலவை நூலுக்கு என் ஓட்டும். இப்போ அளவுக்கு வருவோம், ஏன்னா ஸ்வெட்டர் கெட்டுப்போறது நூலால் இல்லை, பெரும்பாலும் மார்பளவாலும் கால் திறப்பாலும்தான்.

வாலாட்டி, நீங்க கொடுத்த மூணு அளவு போதாது. இன்னும் நாலு எடுங்க. ஒன்று, தலையோட பெரிய சுற்று, காதுக்கு முன்னாலே. கழுத்து ரிப் அதுவரைக்கும் விரியணும். ரெண்டு, கழுத்தடியிலிருந்து முன்னங்கால் தொடங்கும் இடம் வரை. மூணு, முன்னங்கால் ரெண்டுக்கும் நடுவில் நெஞ்சின் அகலம். நாலு, காலோட மேல்பகுதிச் சுற்று. ஆண் நாய் என்பதால் இன்னொன்றும் வேணும்: முன்னங்காலுக்குப் பின்னாலிருந்து ஆணுறுப்புத் தொடங்கும் இடம் வரை வயிற்று நீளம். உடுப்பு அதுக்கு ரெண்டு மூணு செ.மீ. முன்னாடியே முடிஞ்சிடணும், இல்லேன்னா ஒவ்வொரு தடவையும் நனையும்.

நாய் நாலு காலிலும் நிற்கும்போது அளந்தாதான் அளவு. உட்கார்ந்தா மார்பு விரியும், முதுகு நீளும். மார்பை முன்னங்காலுக்கு உடனே பின்னாலே, விலாவின் அகலமான இடத்தில் அளக்கணும்.

வாலாட்டி
அளந்துட்டேன் அக்கா. தலைச் சுற்று 28. கழுத்தடியிலிருந்து கால் வரை 6. கால்களுக்கு நடுவே 7. கால் சுற்று 13. வயிற்று நீளம், காலுக்குப் பின்னாலிருந்து 6.

கொக்கி_நாலு
நல்லது. மேலேயிருந்து கீழே, கழுத்தில் தொடங்கி ஒரே துண்டா போடற முறையைச் சொல்றேன். பாதி வழியிலேயே நாய்க்குப் போட்டுப் பார்த்துத் திருத்தலாம் என்பதுதான் இதோட பெரிய வசதி.

முதல்ல பெயர்க்குழப்பம் வேண்டாம்: நான் சொல்றதெல்லாம் அமெரிக்கப் பெயர்கள். அமெரிக்க சிங்கிள் குரோஷேயை பிரிட்டிஷ் பேட்டர்ன்ல டபுள் என்பாங்க, அமெரிக்க டபுளை அவங்க டிரெபிள் என்பாங்க. இங்கே கிடைக்கிற புத்தகங்கள்ல ரெண்டும் கலந்து வரும். பேட்டர்ன்ல எங்கேயாவது "சிங்கிள்" என்ற பேரில் கண்ணி வந்தா அது அமெரிக்க முறை.

மாதிரித் துண்டு: 4 மி.மீ. ஊசியில் ஹாஃப் டபுள் (சிங்கிளுக்கும் டபுளுக்கும் நடு உயரக் கண்ணி), 24 கண்ணி, 16 வரிசை. கழுவி, காய வச்ச பிறகு நடுவில் 10 செ.மீ. அளங்க. அகலத்தில் 16 கண்ணி, உயரத்தில் 12 வரிசை வந்தா கீழே உள்ள கணக்கு அப்படியே பொருந்தும். 17, 18 வந்தா ஊசியை 4.5 ஆக்குங்க. 14, 15 வந்தா 3.5. கழுவாமல் அளந்தா பருத்தி உங்களை ஏமாத்தும், முதல் கழுவலில்தான் அது தன் நிலைக்கு வரும்.

ஏன் ஹாஃப் டபுள்? டபுள் போட்டா இடைவெளி பெரிசு, நாய் காதைச் சொறியும்போது பின்னங்கால் நகம் அதில் மாட்டும். சிங்கிள் மட்டும் போட்டா துணி அட்டை மாதிரி விறைக்கும், நூலும் கூடச் செலவாகும்.

கழுத்து ரிப். 3.5 ஊசி. 7 செயின் போட்டு, இரண்டாவது செயினில் தொடங்கி 6 சிங்கிள். திருப்பி, 1 செயின், இனி எல்லா வரிசையும் பின் இழையில் மட்டும் 6 சிங்கிள். இப்படி 52 வரிசை போட்டா இழுக்காம வச்சு அளக்கும்போது சுமார் 26 செ.மீ. வரும். கழுத்து 24 என்பதால் 2 செ.மீ. தளர்வு. ரெண்டு முனையையும் ஸ்லிப் ஸ்டிட்சால் (உயரமில்லாத இணைப்புக் கண்ணி) சேர்த்து வளையமாக்குங்க. இப்பவே தலை வழியா போட்டுப் பாருங்க. 28 செ.மீ. தலைக்கு மேல் இழுபடாம போகணும்.

உடம்பு. 4 ஊசிக்கு மாறி, ரிப்போட ஓரத்தில் 42 ஹாஃப் டபுள் எடுங்க. 52 வரிசை முனையில் 42 என்றால், ஐந்து முனைக்கு நாலு கண்ணி என்கிற கணக்கில் போய், கடைசியில் ஒண்ணு ரெண்டு சரிபண்ணிக்கணும். ஸ்லிப் ஸ்டிட்சால் இணைச்சு, திருப்புங்க. ஒவ்வொரு சுற்றும் இணைச்சுத் திருப்பணும். திருப்பாம சுத்திக்கிட்டே போனா இணைப்புக் கோடு சாய்ஞ்சு சாய்ஞ்சு வயிற்றிலிருந்து முதுகுக்கு ஏறிடும். தவிர, கால் திறப்பில் எப்படியும் திருப்பித்தான் போடுவீங்க, அந்த இடத்தில் துணியோட முகம் வேறயா தெரியும்.

சுற்றுத் தொடக்கத்தில் 2 செயின். அதைக் கண்ணியா எண்ணாதீங்க, முதல் ஹாஃப் டபுளை அதே அடியில் போடுங்க.

2-ஆம் சுற்று: ஒவ்வொரு 7-ஆவது கண்ணியிலும் ரெண்டு போடுங்க, 48 ஆகும். 3 சும்மா, கூட்டாம. 4-ஆம் சுற்று: ஒவ்வொரு 6-ஆவதிலும் ரெண்டு, 56. 5 சும்மா. 6-ஆம் சுற்று: ஒவ்வொரு 7-ஆவதிலும் ரெண்டு, 64. 7 சும்மா. 64 கண்ணி என்றால் 40 செ.மீ., அதாவது மார்பு 36-க்கு 4 செ.மீ. தளர்வு. ஏழு சுற்று கிட்டத்தட்ட 6 செ.மீ. கால் தொடங்கற இடத்துக்கு வந்துட்டீங்க.

பின்ஷர்_பிரியன்
4 செ.மீ. தளர்வு அதிகமாத் தோணலையா? கடையில் விற்கிற நாய் உடுப்பெல்லாம் ஒட்டினாப்பல இருக்கே.

கொக்கி_நாலு
அவை ஜெர்சி துணி தம்பி, நாலா பக்கமும் இழுபடும். ஹாஃப் டபுள் போட்ட பருத்தி அகலவாக்கில் அவ்வளவா விரியாது. ஒட்டினாப்பல போட்டா நாய் உட்காரும்போதும் மூச்சிரைக்கும்போதும் விலாவைப் பிடிக்கும். போட்டு முடிச்சதும் மார்புப் பக்கம் ரெண்டு விரலைத் தட்டையா நுழைச்சுப் பாருங்க. தாராளமா போகணும், மூணாவது விரல் இறுக்கமா இருக்கணும். உடம்பு முழுக்க ரிப்பாகவே போட்டால்தான் தளர்வு இல்லாம மார்பளவிலேயே போடலாம்.

கொக்கி_நாலு
கால் திறப்பு. இதைத்தான் நிறைய பேட்டர்ன் தப்பாச் சொல்லுது. "8 கண்ணி விட்டு, 8 செயின் போட்டுத் தாண்டு" என்பாங்க. அந்தத் துளையோட சுற்று 16 கண்ணி, வெறும் 10 செ.மீ. உங்க நாயோட கால் 13. போட்டுவிடும்போதே மல்லுக்கட்டணும், அக்குளையும் அறுக்கும். சரியான வழி முதுகையும் நெஞ்சையும் பிரிச்சுத் தனித்தனியா ஏத்தறது.

64 கண்ணியை இப்படிப் பங்கு போடுங்க: கால் 4, முதுகு 44, கால் 4, நெஞ்சு 12. நெஞ்சு 12 என்றால் ஏழரை செ.மீ., உங்க 7-க்குச் சரி. இணைப்புக் கோடு ஒரு காலின் ஓரத்தில் விழற மாதிரி வச்சுக்குங்க. அப்போ 4 கண்ணி ஸ்லிப் ஸ்டிட்சில் நகர்ந்து, முதுகு 44-ஐ மட்டும் முன்னும் பின்னுமா 8 வரிசை. நூலை வெட்டுங்க. 4 விட்டு, புது நூலை நெஞ்சு 12-இல் இணைச்சு அதுவும் 8 வரிசை. நூலை வெட்டாதீங்க. வரிசை எண்ணிக்கை இரட்டைப்படையா இருந்தால்தான் ரெண்டு துண்டும் ஒரே திசையில் நிற்கும்.

இப்போ மறுபடி சுற்று: திருப்பி நெஞ்சு 12 போட்டு, 4 செயின், முதுகு 44, 4 செயின், இணைப்பு. மறுபடி 64. ஒவ்வொரு திறப்பும் உயரம் ரெண்டு பக்கமும் ஆறே முக்கால், மேலும் கீழும் ரெண்டரை, மொத்தம் சுமார் 18 செ.மீ. ஓரத்துக்கு 3.5 ஊசியில் 30 சிங்கிள் ஒரு சுற்று ஓட்டினா 17-க்கு வந்து நிற்கும். 13 செ.மீ. காலுக்கு அது அருமையா இருக்கும்.

நூலை வெட்டறதுக்கு முன்னாடி நாய்க்கு ஒரு தடவை போட்டுப் பாருங்க. நடக்கவிடுங்க. முன்னங்காலைக் குட்டைக் குட்டையா எடுத்து வச்சா நெஞ்சுத் துண்டு அகலம். கால் வெளிப்பக்கம் தள்ளப்பட்டிருக்கும். நெஞ்சை 10 ஆக்கி, முதுகை 46 ஆக்குங்க. அக்குளில் துணி சுருண்டு மடிஞ்சா திறப்பின் உயரம் போதலை, ரெண்டு வரிசை கூட்டுங்க. கழுத்துக்கு முன்னால் பை மாதிரி தொங்கினா கண்ணி கூட்டறதை நெஞ்சுப் பக்கம் செய்யாம முதுகுப் பக்கமே செய்யணும்.

வெள்ளைப்பஞ்சு
அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இணைக்கும் ஸ்லிப் ஸ்டிட்சைக் கண்ணி என்று நினைத்து அதிலும் ஒரு ஹாஃப் டபுள் போடுவது, அல்லது சுற்றின் கடைசிக் கண்ணியைத் தவற விடுவது – உடம்பு சத்தமில்லாமல் அகலமாகவோ ஒடுங்கியோ போவதற்கு இவை இரண்டும்தான் காரணம். முதல் கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் மார்க்கர் மாட்டிவிடுங்கள். சேஃப்டி பின், வேறு நிற நூல் துண்டு, எதுவாகவும் இருக்கலாம். கண்ணி கூட்டும் சுற்றிலாவது எண்ணிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும்.

கொக்கி_நாலு
ரொம்பச் சரி.

மீதி சுலபம். இணைச்ச சுற்றையும் சேர்த்து 4 சுற்று. வயிற்றுப் பக்கம் 3 செ.மீ. சொச்சம் ஆகும், ஓரச் சுற்றோட நாலு. நீங்க சொன்ன 6-க்கு ரெண்டு செ.மீ. முன்னாடியே நிற்கும். பெண் நாயா இருந்தா இன்னும் மூணு சுற்று போகலாம். பிறகு வயிறும் கால் செயின்களுமா 20 கண்ணியை அப்படியே விட்டுட்டு, முதுகு 44-ஐ மட்டும் 9 வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் ரெண்டு ஓரத்திலும் ஒவ்வொண்ணு குறைங்க, 26-இல் முடியும். 7, 8, 4, 9 – மொத்தம் 28 வரிசை, 23 செ.மீ. வாலடிக்கு 3 செ.மீ. முன்னாடி நிற்குது, வேணும்னே அப்படி வச்சது. வாலடி வரைக்கும் இழுத்தா நாய் உட்காரும்போதெல்லாம் பின்பக்கம் மடிஞ்சு அழுக்காகும்.

கடைசியா கீழ் ஓரம் முழுக்க 3.5 ஊசியில் சிங்கிள் ஒரு சுற்று. சாய்ஞ்ச பக்கத்தில் மூணு வரிசைக்கு நாலு சிங்கிள். அதுக்கு மேல போட்டா ஓரம் அலையடிக்கும், குறைச்சா உள்ளே இழுத்துக்கும்.

பின்ஷர்_பிரியன்
இதே கணக்கை வேற அளவுக்கு மாத்தணும்னா? மினியேச்சர் பின்ஷர், கழுத்து 28, மார்பு 44, முதுகு 33. இடுப்பு ரொம்ப ஒடுங்கி இருக்கும்.

கொக்கி_நாலு
மார்பு 44, தளர்வு 4, ஆக 48. 10 செ.மீ.க்கு 16 கண்ணி என்பதால் அதை 1.6-ஆல் பெருக்கினா 76.8, இரட்டைப்படையா 76 எடுங்க. கழுத்து 28-க்கு 30, அது 48 கண்ணி, ரிப் 60 வரிசை. நடுவில் 28 கண்ணி கூட்டணும்: 2, 4, 6, 8 என்று நாலு சுற்றில் ஏழு ஏழா. நெஞ்சுக்கும் காலுக்கும் அளந்து எடுத்துக்குங்க, மீதி எல்லாம் முதுகு.

பின்ஷருக்கும் இத்தாலியன் கிரேஹவுண்டுக்கும் மார்பு ஆழம், வயிறு உள்வாங்கியிருக்கும். கால் திறப்பு முடிஞ்ச அடுத்த சுற்றிலேயே வயிற்றுப் பக்கம் மட்டும் சுற்றுக்கு ரெண்டு கண்ணி குறைச்சுக்கிட்டே போங்க. இல்லேன்னா அடியில் தொட்டில் கட்டினாப்பல தொங்கும். பக் மாதிரி கழுத்தும் மார்பும் பக்கத்துப் பக்கத்து அளவா இருக்கிற நாய்க்கு எதிர்ப்பக்கம்: கூட்டல் குறைவு, ரிப் அகலம், கால்களுக்கு நடுவே நெஞ்சுத் துண்டு பெரிசு.

வாலாட்டி
ரிப்பும் முதல் ஏழு சுற்றும் முடிஞ்சது. 64 சரியா இருக்கு. ஆனா கழுத்து ரிப்புக்கும் உடம்புக்கும் சேர்ற இடத்தில் வரிசையா சின்னச் சின்ன ஓட்டை. கண்ணியும் இறுகி இருக்கு, தலையில் போகும்போது அந்த இடம் மட்டும் பிடிக்குது.

கொக்கி_நாலு
ஓட்டைக்குக் காரணம், ரிப்போட வரிசை முனையில் நடுவில் உள்ள இடைவெளியில் ஊசியை விட்டிருக்கீங்க. கண்ணியோட பக்கவாட்டு இழை ரெண்டையும் சேர்த்துக் குத்தணும். பிடிக்கிறதுக்குக் காரணம் ஊசி. அந்த முதல் சுற்றை மட்டும் 4.5-இல் போடுங்க. ஏழு சுற்றையும் பிரிக்கத்தான் வேண்டியிருக்கும். ஏர்கான் இல்லாத இடத்தில் கை வியர்த்தா நூல் அலுமினிய ஊசியில் ஒட்டி இறுகும், அதையும் கவனிங்க. ஒரே உடுப்பை ஒரே மாதிரி இடத்தில் உட்கார்ந்து போட்டா கைப்பிடி மாறாது.

மழைநாள்
நூல் முனை பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. நாய்க்கு இது உயிர் விஷயம். கடித்து இழுத்த நூலை நாய் விழுங்கினால், ஒரு முனை எங்காவது மாட்டிக்கொண்டு, குடல் அந்த நூலின் மேல் சுருங்கி அறுபடும். அறுவை சிகிச்சைதான் வழி. வாயிலோ பின்பக்கமோ நூல் தொங்குவதைப் பார்த்தால் இழுக்காதீர்கள், உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

அதனால் நூலை வெட்டும்போது குறைந்தது 15 செ.மீ. விட்டு வெட்டி, மொட்டை ஊசியில் கோத்து, மூன்று திசையில் மாற்றி மாற்றி உள்ளே ஓட்டுங்கள். பித்தான், மணி, பாம்பாம், கழுத்தில் முடிச்சுப் போடும் கயிறு எதுவும் வேண்டாம். திறந்து மூடும் வகைதான் வேண்டும் என்றால் தட்டையான ஸ்னாப் பட்டன், அதுவும் நாயின் வாய் எட்டாத முதுகுப் பக்கம்.

பின்ஷர்_பிரியன்
மேஜிக் நாட் (ரெண்டு நூலையும் முடிச்சுப் போட்டு முனையை ஒட்ட வெட்டறது) போட்டா முனையே இருக்காதே? எல்லா வீடியோவிலும் அதைத்தான் காட்டறாங்க.

தேக்கா_நூல்கண்டு
கம்பளியில் அந்த முடிச்சு பிடிக்கும். மெர்சரைஸ் பண்ணின (பளபளப்பாப் பதப்படுத்தின) பருத்தி வழுக்கும், மூணாவது நாலாவது கழுவலில் முடிச்சு நழுவி நடு முதுகில் ஓட்டை விழும். நாய் உடுப்புக்கு வேண்டவே வேண்டாம். பழைய கண்டும் புதுக் கண்டும் சேர்ற இடத்தைக் கால் திறப்போட ஓரத்தில் வச்சுக்குங்க, ஓரச் சிங்கிள் போடும்போது முனையையும் சேர்த்து மூடிடலாம்.

சாயத்தையும் பாருங்க. சிவப்பு, கருநீலம் மாதிரி அழுத்த நிறப் பருத்தியை நனைச்சு வெள்ளை டிஷ்யூவில் அழுத்துங்க. நிறம் ஒட்டினா, மழையில் நனையும்போது மால்டீஸ் மாதிரி வெள்ளை முடி நாய் இளஞ்சிவப்பாகும். வினிகர் போட்டா நிக்கும் என்பது பருத்திக்குப் பொருந்தாது. தண்ணி தெளிவாகிற வரைக்கும் அலசறதுதான் வழி. தெளியவே இல்லேன்னா அந்த நூலை வேற வேலைக்கு வச்சுக்கலாம்.

வெள்ளைப்பஞ்சு
கழுவுவதையும் சொல்லிவிடுகிறேன், இங்கே அதில்தான் பாதி ஸ்வெட்டர் போய்விடுகிறது. வாசனை இல்லாத மென்மையான சோப்பு, சாதாரணத் தண்ணீர், கையால் அமுக்கி. முறுக்கிப் பிழிய வேண்டாம். துண்டில் வைத்துச் சுருட்டி மேலே அழுத்தினால் பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். அப்புறம் தட்டையாக, வலை மேல் விரித்து, மின்விசிறிக்கு அடியில். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் மூங்கில் கழியில் கோத்து வெளியே மாட்டினால், ஈரப் பருத்தி தன் எடையில் இழுபட்டு, 23 செ.மீ. முதுகு வாலைத் தாண்டிவிடும்.

மழை வாரத்தில் கனமான பருத்தி காய ஒரு நாளுக்கு மேல் ஆகும். அரைகுறையாகக் காய்ந்ததை மடித்து வைத்தால் வாடையடிக்கும், அதை அப்படியே போட்டால் நாயின் தோலில் பூஞ்சை வர வழி. அதனால் டிசம்பர், ஜனவரிக்கு இரண்டு உடுப்பு இருப்பது நல்லது. அக்ரிலிக் கலந்த நூலுக்கு நீராவி இஸ்திரி காட்டாதீர்கள். ஒரு தடவை சூடு பட்டால் ரிப்பின் மீள்தன்மை போனது போனதுதான்.

பின்ஷர்_பிரியன்
குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்குப் பிறகு கழுத்தில் மாட்டுற கூம்புக்குப் பதிலா இந்த ஸ்வெட்டரைப் போடலாமா? தையலை நக்காம இருக்கும்னு கேக்கறேன்.

மழைநாள்
வேண்டாம். குரோஷே துணியில் துளைகள் உண்டு, நாக்கு உள்ளே போகும். நூல் பஞ்சும் புண்ணில் ஒட்டும். அதற்கென்று வரும் மெல்லிய ஜெர்சி பருத்தி உடுப்பு வேறு, அதுவும் மருத்துவர் சம்மதித்தால்தான்.

அணிவிக்கும்போது கவனிக்க வேண்டியதும் சொல்கிறேன். முதல் முறை பத்து நிமிடம் போதும். கழற்றியதும் அக்குள், காதுக்குப் பின்புறம், கழுத்தடி மூன்றையும் தடவிப் பாருங்கள். சிவப்பு தெரிந்தால் அங்கே உடுப்பு உரசுகிறது. உண்ணி இருந்தால் உடுப்புக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்ளும், புல்வெளிக்குப் போய் வந்தால் கழற்றிப் பார்க்காமல் விடாதீர்கள். நாயின் சாதாரண உடல் வெப்பம் 38-லிருந்து 39.2 டிகிரி வரை. ஓயாத மூச்சிரைப்பு, கெட்டியான எச்சில், ஈறு அடர் சிவப்பாவது – இதில் எது தெரிந்தாலும் உடனே கழற்றி, சாதாரணத் தண்ணீரால் நனைத்து, விசிறிக்கு முன் நிறுத்துங்கள். ஐஸ் வேண்டாம். மூச்சிரைப்பு தணியாவிட்டாலோ நடை தள்ளாடினாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ராத்திரி ஏர்கானை நிறுத்தினால் ஸ்வெட்டரையும் கழற்றிவிட வேண்டும்.

வாலாட்டி
முடிச்சுட்டேன். கழுத்துச் சேர்ப்பை 4.5-இல் மறுபடி போட்டதும் பிடிப்பு போயிடுச்சு. மார்பில் ரெண்டு விரல் சரியா போகுது, நடையும் சரியா இருக்கு. மொத்தம் ஒன்றேகால் கண்டு செலவு. கடைசியா ஒண்ணு: ஹார்னஸை (மார்பைச் சுத்தி மாட்டுற வாரை) ஸ்வெட்டருக்கு மேலே போடணுமா, உள்ளேயா? உள்ளேன்னா கயிறு மாட்டுற வளையத்துக்கு இனிமே எப்படி ஓட்டை விடறது? துணியை வெட்ட முடியாதே.

கொக்கி_நாலு
உள்ளேதான். மேலே போட்டா வார் துணியை அழுத்தி அக்குளில் மடிப்பு விழும், நடக்க நடக்க நூலையும் தேய்க்கும்.

வெட்டாமலே செய்யலாம். ஹார்னஸ் போட்ட நாய்க்கு ஸ்வெட்டரை மாட்டி, வளையம் முட்டுற இடத்தில் மார்க்கர் குத்துங்க. கழற்றி, அந்த வரிசையில் 5 கண்ணி அகலத்துக்கு மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் வேற நிற மெல்லிய நூலில் கோத்துப் பிடிச்சுக்குங்க. நடுவில் உள்ள வரிசையில் மையக் கண்ணியோட ஒரே ஒரு இழையை வெட்டி, ரெண்டு பக்கமும் ரெண்டரைக் கண்ணி தூரத்துக்குப் பிரிச்சுக்கிட்டே போங்க. கோத்த நூல் இருக்கிறதால மேலும் கீழும் ஓடாது. திறந்த கண்ணிகளைச் சுத்தி 3.5 ஊசியில் இறுக்கமா சிங்கிள் 12, மூலைக்கு ஒண்ணு சேர்த்து, அப்புறம் அதன்மேல் ஸ்லிப் ஸ்டிட்ச் ஒரு சுற்று. பிரிச்ச நூலோட ரெண்டு முனையும் குட்டையா இருக்கும். அதை உள்பக்கம் வச்சு, புது நூல் ஒரு முழம் எடுத்து மேலே தைச்சு மூடிடுங்க. கோத்த நூலைக் கடைசியில் உருவுங்க.

அடுத்த ஸ்வெட்டருக்கு இவ்வளவு வேலை வேண்டாம். முதுகுத் துண்டோட வரிசையில், வளையம் வர்ற உயரத்தில் நடு 4 கண்ணியை விட்டு 4 செயின் போட்டுத் தாண்டிடுங்க, அடுத்த வரிசையில் அந்தச் செயின் மேலேயே 4 ஹாஃப் டபுள். சிவாவாவுக்கு அது பெரும்பாலும் கால் திறப்போட ஆறாவது ஏழாவது வரிசைக்குப் பக்கத்தில் வரும். ஹார்னஸ் மாதிரிக்கு மாதிரி மாறும், அதனால அளந்துட்டுப் போடுங்க.